சில்வர்டன்: ரயிலுக்குப் பேரைக் கொடுத்த ஊர்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், சிவப்பு மண் வெளியில், சில்வர்டன் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. கல்லால் கட்டிய ஒரு பழைய ஜெயில், ஒரு நீதிமன்றக் கட்டடம், சில தேவாலயங்கள், ஒரு மதுவிடுதி. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக வெட்டவெளியைக் கடக்க வேண்டும். படத்தில் பார்க்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது, இவ்வளவு தள்ளித் தள்ளி ஏன் கட்டினார்கள் என்பதுதான். உண்மையில் யாரும் தள்ளிக் கட்டவில்லை. நடுவில் வீடுகளும் கடைகளும் நெருக்கமாக இருந்தன. அவற்றைக் கழற்றி வண்டியில் ஏற்றி 26 கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல் கட்டடங்களைக் கழற்ற முடியாததால் அவை மட்டும் நின்றுவிட்டன.

அந்த இன்னொரு ஊர் புரோக்கன் ஹில். சுரங்க உலகில் அதன் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. பிஹெச்பி என்ற மூன்றெழுத்தில் உலகம் முழுக்கத் தெரிந்த சுரங்க நிறுவனத்தின் பெயரே 'புரோக்கன் ஹில் புரொப்ரைட்டரி' என்பதன் சுருக்கம்தான். ஆனால் கதை சில்வர்டனில்தான் தொடங்குகிறது. கனிமம் தீர்ந்ததும் சுரங்க ஊர்கள் செத்துப்போகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சில்வர்டனின் வரலாறு அவ்வளவு எளிதல்ல. பக்கத்தில் இன்னும் பெரிய கனிமம் கிடைத்ததால் காலியான ஊர் அது. தனக்கு வேண்டும் என்று நினைத்த ரயில் வந்து சேர்ந்த அதே சமயத்தில்தான் காலியாகத் தொடங்கியது.

முதலில் அந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆண்டுக்குச் சராசரியாக 250 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. அதுவும் ஒரு வருடம் கொட்டும், மூன்று வருடம் ஏமாற்றும். வில்யாகாலி என்னும் பழங்குடி மக்கள் எந்த ஊற்றில் எப்போது தண்ணீர் இருக்கும் என்று அறிந்து, காலங்காலமாக அங்கே வாழ்ந்தார்கள். 1844இல் சார்ல்ஸ் ஸ்டர்ட் என்ற பயண ஆய்வாளர் உள்நாட்டுக் கடல் ஒன்றைத் தேடி அந்தப் பக்கமாக வந்தார். வடக்கே போக விடாமல் குறுக்கே நின்ற மலைத்தொடருக்கு 'பேரியர்' என்று பெயர் வைத்தார். தடுப்பு என்பது பொருள். பிறகு ஆடு மேய்ப்பவர்கள் வந்தார்கள். பெரிய பெரிய ஆட்டுப் பண்ணைகள், ஆளில்லாத நிலம், நாட்கணக்கில் மாட்டுவண்டிப் பயணம். பல வருடம் அப்படியே ஓடியது.

1870களின் நடுவில் தாக்கரிங்கா என்ற இடத்தில் வெள்ளியும் ஈயமும் கலந்த கனிமம் கண்டார்கள். 1880களின் தொடக்கத்தில் அம்பரம்பர்கா ஓடைப் பக்கத்தில் அதைவிட நல்ல வெள்ளி கிடைத்தது. சேதி பரவியதும் கூட்டம் கூடியது. 1883இல் அளவையாளர்கள் வந்து தெருக்களுக்குக் கோடு போட்டார்கள். வெள்ளியின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் சுமார் 3,000 பேர். சொந்தமாக ஒரு செய்தித்தாள். 1884இலேயே ஒரு சுரங்கத் தொழிலாளர் சங்கம். 1886இல் நகராட்சி அந்தஸ்து. பின்னாளில் புரோக்கன் ஹில் ஆஸ்திரேலியத் தொழிற்சங்க இயக்கத்தின் கோட்டையாகப் பேர் வாங்கியது. அதற்கான விதை விழுந்த இடம் சில்வர்டன் என்பதை இந்த ஊரைப் பற்றிப் பேசுபவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

வந்தவர்களில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து புறப்பட்டு, தெற்கு ஆஸ்திரேலியாவின் செம்புச் சுரங்கங்களில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். பாறையைப் பார்த்ததும் அதன் போக்கைச் சொல்லிவிடக்கூடிய கைகள். ஊருக்கு வடகிழக்கே டேட்ரீம் என்ற சுரங்கம் இருந்தது. 1885இல் அங்கே உருக்காலை ஒன்று எழும்பியது. ஏறக்குறைய ஒரு வருடம்தான் ஓடியது. ஏன் நின்றது என்பதில்தான் சில்வர்டனின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது.

சில்வர்டன் பக்கத்துக் கனிமம் மெல்லிய நரம்புகளாகப் பாறைக்குள் ஓடுவது. மேல் மட்டத்தில், காற்றும் தண்ணீரும் பல லட்சம் ஆண்டுகள் வேலை செய்த இடத்தில், வெள்ளி செறிந்து குளோரைடாகக் கிடக்கும். தோண்ட எளிது, உருக்கவும் எளிது, முதல் வண்டிச் சரக்கிலேயே கையில் காசு நிற்கும். கீழே போகப் போக நரம்பு மெலியும், அல்லது பாறை வெடிப்பில் திசைமாறிக் காணாமல் போகும். இப்படிப்பட்ட சுரங்கம் ஒரு சில குடும்பங்களுக்குச் சோறு போடும். ஒரு நகரத்தை ஐம்பது வருடம் தாங்காது.

இதே நேரத்தில், கிழக்கே மவுண்ட் கிப்ஸ் என்ற ஆட்டுப் பண்ணையில் எல்லை சுற்றிப் பார்க்கும் வேலையில் இருந்தார் சார்ல்ஸ் ராஸ்ப். பண்ணைக்குள் கறுத்த பாறை முகடு ஒன்று முதுகெலும்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கடந்துபோன கனிமம் தேடிகள் எத்தனையோ பேர். சில்வர்டனுக்குப் போகிற அவசரத்தில், இது வெறும் கழிவுக்கல் குன்று என்று தள்ளிவிட்டார்கள். ராஸ்ப் 1883 செப்டம்பரில் அதில் முளை அடித்து உரிமை கோரினார். அவரும் முதலில் நினைத்தது வெள்ளீயம் என்றுதான். பண்ணை மேலாளர் ஜார்ஜ் மக்குல்லக் உட்பட ஏழு பேர் கூட்டுச் சேர்ந்தார்கள். ஆரம்பச் சோதனைகள் உற்சாகம் தரவில்லை. பங்குகள் கை மாறின. ஒரு பங்கு சீட்டாட்ட மேசையில் விலை பேசப்பட்டது. பின்னாளில் ஆஸ்திரேலியாவின் மாட்டு மன்னராகப் பேரெடுத்த சிட்னி கிட்மன், பத்துக் காளைகளைக் கொடுத்துப் பதினான்கில் ஒரு பங்கு வாங்கி, சீக்கிரமே சின்ன லாபத்துக்கு விற்றுவிட்டார். அந்தப் பங்கின் பிந்தைய மதிப்பை நினைத்தால் நமக்கே மனசு கேட்காது.

அந்தக் குன்றுக்குள் இருந்தது நரம்பு அல்ல. ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட, பூமராங் போல வளைந்த ஒரே பெரும் கனிமத் திரள். வெள்ளி, ஈயம், துத்தநாகம் மூன்றும் சேர்ந்து கிடந்தன. உலகின் மிகப் பெரிய திரள்களில் ஒன்று. 1885இல் பிஹெச்பி நிறுவனம் பிறந்தது. சில்வர்டன்காரர்கள் தேடிவந்த புதையல், அவர்கள் நடந்து தாண்டி வந்த வழியிலேயே இருந்திருக்கிறது.

இனி ரயில். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆஸ்திரேலியா அப்போது ஒரே நாடு அல்ல. ஒவ்வொரு காலனிக்கும் தனி அரசு, தனிச் சுங்கம், தனி ரயில், தண்டவாளத்தின் அகலம்கூடத் தனி. சில்வர்டன் இருந்தது நியூ சவுத் வேல்ஸ் மண்ணில். ஆனால் தலைநகர் சிட்னி ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். தெற்கு ஆஸ்திரேலிய எல்லையோ கூப்பிடு தூரம். அடிலெய்டு சுமார் 500 கிலோமீட்டர், போர்ட் பிரீ துறைமுகம் அதையும்விடப் பக்கம். கனிமம் கடலுக்குப் போக இயற்கையான வழி மேற்கேதான். தெற்கு ஆஸ்திரேலியா சட்டென்று புரிந்துகொண்டு, தன் எல்லைக் கோடு வரை, காக்பர்ன் என்ற இடம் வரை, பாதை போட்டது. 1,067 மில்லிமீட்டர் அகலம். நம் பழைய மீட்டர் கேஜைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்.

எல்லையிலிருந்து சுரங்கம் வரை மீதம் 57 கிலோமீட்டர். அதை நியூ சவுத் வேல்ஸ் அரசு தானும் போடவில்லை, பக்கத்துக் காலனியையும் போட விடவில்லை. தன் மண்ணில் விளைந்த செல்வம் அடுத்தவர் துறைமுகத்துக்குப் போவதற்குத் தானே வழி செய்வதா என்ற எண்ணம். அந்த எண்ணம் புரிகிறது. ஆனால் சிட்னியிலிருந்து பாதை அங்கே வந்து சேர்ந்தது 1927இல். நாற்பது ஆண்டு யாரால் காத்திருக்க முடியும்?

சரி, தனியாராவது போடலாம் என்றால், தனியார் ரயில்பாதைக்கு அரசு இசையவில்லை. எனவே 'ரயில்' என்ற சொல்லையே விட்டுவிட்டார்கள். 'டிராம்வே' என்ற பெயரில் மசோதா போனது, 1886இல் சட்டமானது. சில்வர்டன் டிராம்வே கம்பெனி இப்படித்தான் உருவானது. டிராம் என்றதும் தெருவில் மணியடித்துக்கொண்டு போகும் வண்டி நினைவுக்கு வரும். இது அது இல்லை. நீராவி இன்ஜின், கனிமம் சுமக்கும் கனத்த வேகன்கள், நிலையங்கள், சிக்னல்கள் என்று எல்லா வகையிலும் முழு ரயில். பெயரில் மட்டும்தான் டிராம்.

பெயரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கம்பெனியைத் திட்டமிட்டபோது அந்த வட்டாரத்தின் தலைமை ஊர் சில்வர்டன். அதனால் அதன் பெயரை வைத்தார்கள். 1888 ஜனவரியில் பாதை திறந்தபோது நிலைமையே மாறியிருந்தது. ரயில் காக்பர்னில் புறப்பட்டு, தாக்கரிங்கா தாண்டி, சில்வர்டனில் நின்று, அங்கே முடியாமல் மேலே போய் புரோக்கன் ஹில்லில் முடிந்தது. இரண்டே வருடத்தில் சில்வர்டன் சேருமிடம் என்ற நிலையிலிருந்து வழியில் ஒரு நிறுத்தமாகிவிட்டது.

ரயில் வரும் ஊர் வளரும் என்று நாம் நம்பிப் பழகியிருக்கிறோம். இங்கே ரயில் செய்தது வேறு. இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருந்த தூரத்தை அது அழித்துவிட்டது. புரோக்கன் ஹில்லில் கூலி அதிகம், வேலை நிலையானது, கடையில் கூட்டம் அதிகம். சில்வர்டனில் உட்கார்ந்து ஏன் கடை நடத்த வேண்டும்? வீடுகளும் அதற்குத் தோதாக இருந்தன. மரச்சட்டத்தில் நெளிவுத் தகர ஷீட் அடித்த வீடுகள். ஆணியைப் பிடுங்கினால் தகரம் தனி, சட்டம் தனி. மரத்துக்குப் பஞ்சமான அந்தப் பாலை வெளியில் ஒரு கதவுச் சட்டத்தைக்கூட யாரும் விட்டுப் போகவில்லை. செய்தித்தாளும் இடம் மாறியது. 1899இல் நகராட்சியைக் கலைத்தார்கள். 1901இல் ஊரில் மிஞ்சியவர்கள் 300 பேருக்கும் குறைவு. அதே காலத்தில் புரோக்கன் ஹில்லில் இருபதாயிரத்துக்கும் மேல்.

கல் ஜெயில் கட்டி முடித்தது 1889இல், மக்கள் மூட்டை கட்டத் தொடங்கிய பிறகு. ரயில் போட மாட்டேன் என்ற அரசு ஜெயிலைக் கட்டியது. அதுவும் காலம் தப்பி.

ரயிலின் இன்னொரு விளைவு கடலோரத்தில் நடந்தது. முதலில் புரோக்கன் ஹில்லிலேயே உருக்கினார்கள். உருக்க நிலக்கரிக் கோக் வேண்டும், சுண்ணாம்புக்கல் வேண்டும், தண்ணீர் வேண்டும். எல்லாவற்றையும் பாலைக்குள் சுமந்து வருவதைவிடக் கனிமத்தைக் கடலுக்குக் கொண்டுபோவது மலிவு என்பது சீக்கிரம் புரிந்தது. போர்ட் பிரீயில் உருக்காலைகள் வளர்ந்தன. 1898 வாக்கில் பிஹெச்பி புரோக்கன் ஹில்லில் உருக்குவதையே நிறுத்திவிட்டது. மேற்கே போகும் வேகனில் கனிமம், திரும்பும் வேகனில் கோக், நிலக்கரி, சுரங்கத்துக்குள் முட்டுக்கொடுக்க அமெரிக்காவின் ஓரிகன் மரம். போகும்போதும் வரும்போதும் வேகன் நிறைந்திருந்தால் அந்த ரயிலுக்கு வேறென்ன வேண்டும்? வெறும் 57 கிலோமீட்டர் பாதை, நாட்டின் மிக லாபகரமான தனியார் ரயில்களில் ஒன்றாக விளங்கியது. 1890களின் தொடக்கத்தில் வறட்சி கடுமையானபோது புரோக்கன் ஹில்லுக்குத் தண்ணீர் சுமந்ததும் இதே வண்டிகள்தான்.

இந்த இடத்தில் நம் பக்கத்துக்கும் ஒரு கண்ணி உண்டு. அன்றைய உலகில் வெள்ளிக்குப் பெரிய சந்தை இந்தியா. வெள்ளியை எவர் வேண்டுமானாலும் நாணயசாலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கிக்கொள்ளலாம் என்ற முறை இருந்தது. 1893 ஜூனில் பிரிட்டிஷ் இந்திய அரசு அதை நிறுத்தியது. சேதி லண்டனை எட்டியதும் வெள்ளி விலை சில நாட்களிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. பெரிய திரள் இருந்த புரோக்கன் ஹில் தள்ளாடினாலும் ஈயம் இருந்தது, பிறகு துத்தநாகமும் கைகொடுத்தது. மெல்லிய வெள்ளி நரம்பை மட்டும் நம்பியிருந்த சில்வர்டன் பக்கத்துச் சின்னச் சுரங்கங்களுக்கு மறுபடி எழ வழியே இல்லாமல் போனது. நம் தாத்தாக்களின் மடியில் இருந்த வெள்ளி ரூபாய்க்கும் அந்தச் செம்மண் ஊருக்கும் இப்படி ஒரு தொடர்பு இருந்திருக்கிறது.

காலியான பிறகும் அந்த ஊரில் ரயில் நின்று போனது. புரோக்கன் ஹில் தொழிலாளர்கள் விடுமுறை நாளில் மர நிழலுக்காகவும் ஓடைக்கரைக்காகவும் சில்வர்டனுக்கு வந்தார்கள். உல்லாசப் பயணத்துக்குத் தனிப் பெட்டிகள் போதாததால், கனிம வேகன்களைக் கழுவிப் பெஞ்சு போட்டு அனுப்புவார்கள்.

1915 புத்தாண்டு நாளில் அப்படிப் போன வண்டியில் சுமார் 1,200 பேர் இருந்தார்கள். நாற்பது திறந்த வேகன்கள், குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள். ஊரைத் தாண்டிய சிறிது நேரத்தில், பாதையோரத்தில் ஐஸ்கிரீம் விற்கும் தள்ளுவண்டி ஒன்று நின்றது. அதில் துருக்கிக் கொடி. அதன் பக்கத்து மண்மேட்டுக்குப் பின்னால் இருந்து துப்பாக்கி வெடித்தது. முல்லா அப்துல்லா, பாட்ஷா முகமது குல் என்ற இருவர். பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லைப் பக்கமும் ஆப்கானிஸ்தானும் சார்ந்த ஒட்டகக்காரர் சமூகத்திலிருந்து வந்தவர்கள். துருக்கி சில மாதங்களுக்கு முன்புதான், ஜெர்மனியோடு சேர்ந்து பிரிட்டனுக்கு எதிராக, முதல் உலகப் போரில் இறங்கியிருந்தது. ரயிலிலும் அதன் பிறகு நடந்த துரத்தலிலும் நான்கு பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். சுட்ட இருவரும் அன்றே மாண்டார்கள்.

இதைச் சொல்லும்போது ஒட்டகக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. ரயில் எட்டாத இடங்களுக்கெல்லாம் மாவும் கம்பளியும் இரும்பும் சுமந்தவர்கள் அவர்கள். தண்டவாளம் வருவதற்கு முன் அந்த உள்நாடு அவர்கள் முதுகில்தான் நின்றது. ஆனால் ஊருக்கு வெளியே தனிச் சேரியில் வைத்தார்கள், அக்கம்பக்கச் சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். முல்லா அப்துல்லாவுக்கு, உரிமமில்லாத இடத்தில் ஆடறுத்ததற்காகத் தண்டனை கிடைத்த மனக்கசப்பும் இருந்தது. நடந்த கொலையை இதில் எதுவும் நியாயமாக்காது. ஆனால் எல்லாவற்றையும் துருக்கிக் கொடியின் கணக்கில் மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் வரும். அன்றிரவு கூட்டம் கூடி, இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஜெர்மானியர் மன்றத்தைத் தீ வைத்துக் கொளுத்தியது. ஒட்டகக்காரர் குடியிருப்பை நோக்கி நடந்தவர்களைப் போலீசும் ராணுவமும் தடுத்து நிறுத்தியதால் அங்கே உயிர்கள் தப்பின. அவர்களின் தகரப் பள்ளிவாசல் இன்றும் புரோக்கன் ஹில்லில் இருக்கிறது.

ரயில்பாதையின் பிந்தைய காலம் சீராகத்தான் போனது. 1927இல் சிட்னிப் பாதை 1,435 மில்லிமீட்டர் அகலத்தில் கிழக்கிலிருந்து வந்து சேர்ந்தது. அப்புறம் நாற்பது ஆண்டுக்கு மேல் புரோக்கன் ஹில்லில் இரண்டு நிலையங்கள், இரண்டு அகலங்கள். மேற்கே போகும் சரக்கும் ஆளும் இறங்கி ஏற வேண்டும். 1951இல் இங்கிலாந்தின் பேயர் பீகாக் தொழிற்சாலையிலிருந்து நான்கு புதிய நீராவி இன்ஜின்கள் வந்தன. பத்தே வருடத்தில் டீசல் வந்து அவற்றை ஓரங்கட்டியது.

1970 ஜனவரியில் எல்லாம் முடிந்தது. சிட்னியிலிருந்து பெர்த் வரை ஒரே அகலத்தில் தண்டவாளம் வேண்டும் என்ற தேசியத் திட்டத்தில், எல்லைக்கும் புரோக்கன் ஹில்லுக்கும் இடையே புதுப்பாதை போட்டார்கள். அது சில்வர்டனைத் தொடாமல் தெற்கே ஒதுங்கி நேராகப் போனது. பிப்ரவரி 23 அன்று இந்தியன் பசிபிக் என்ற வண்டி சிட்னியில் கிளம்பி, ஒரு பெட்டிகூட மாறாமல் பெர்த் சேர்ந்தது. நாடே கொண்டாடியது. 82 ஆண்டு ஓடிய பழைய பாதையைப் பிரித்தெடுத்துவிட்டார்கள்.

ஆனால் கம்பெனி பிழைத்துக்கொண்டது. பாதை போன பிறகும் வேகன் கோத்துக் கொடுக்கும் வேலையைச் செய்து, பிறகு சரக்கு ரயில் நிறுவனமாக மாறியது. 2000களில்கூட, சில்வர்டன் என்று பெயர் எழுதிய டீசல் இன்ஜின்கள் அந்த ஊரைக் கண்டே இராத தண்டவாளங்களில் ஓடின.

இன்னும் ஒரு வழக்கம் அந்தப் பக்கத்தில் மாறவில்லை. புரோக்கன் ஹில்லும் சில்வர்டனும் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் கடிகாரத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவின் நேரம்தான். சிட்னியைவிட அரை மணி பின்னே. எல்லைக்கோடு ஒரு பக்கம் என்றால், பிழைப்பும் போக்குவரத்தும் இன்னொரு பக்கம். கடிகாரம் பிழைப்போடு போய்விட்டது.

இன்று சில்வர்டனில் ஐம்பது பேர் அளவில் வாழ்கிறார்கள். ஜெயில் அருங்காட்சியகமாகிவிட்டது. ஓவியர்கள் சிலர் பழைய கட்டடங்களில் கூடம் வைத்திருக்கிறார்கள். 1981இல் ஒரு புகழ்பெற்ற படத்தை இந்த வெளியில் எடுத்தார்கள், அதன் ரசிகர்கள் இன்னும் வருகிறார்கள். டேட்ரீம் சுரங்கத்துக்குள் இறங்கி, குனிந்து நடக்கும் அளவுக்கே இருக்கும் குடைவுகளைப் பார்க்கலாம். இதைப் பேய் ஊர் என்று சுற்றுலா விளம்பரங்கள் சொல்கின்றன. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. விளக்கேற்றி, சமைத்து, வாசல் பெருக்கி வாழ்கிற ஐம்பது பேரின் ஊர் அது.

ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றுகளில் இப்போது 58 காற்றாலைகள் சுழல்கின்றன. மொத்தத் திறன் சுமார் 200 மெகாவாட். அந்த மின்சாரம் கம்பி வழியே கிளம்பி முதலில் போய்ச் சேரும் இடம், ஒரு காலத்தில் சில்வர்டனின் வீடுகள் போன அதே திசையில், புரோக்கன் ஹில்.